சாய்ந்த மரத்தில் அடங்கிக் கிடக்கும் விசை: புயலுக்குப் பின் பெருமரங்களை அகற்றுவது எப்படி?

புயல் கரையைக் கடந்து காற்று அடங்கிய பிறகும் உயிரிழப்புச் செய்திகள் நிற்பதில்லை. அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்தவர், சாய்ந்த மரத்தை வெட்டும்போது கிளை அடித்து இறந்தவர், கூரை மேல் கிடந்த மரத்தை இழுக்கப்போய் சுவர் இடிந்து சிக்கிக்கொண்டவர் என்று அடுத்த சில நாட்களுக்கு அவை வந்துகொண்டே இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே, 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா, 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா என மூன்று புயல்களும் வேரோடு சாய்ந்த மரங்களை விட்டுச் சென்றன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும், சென்னையில் தூங்குமூஞ்சியும் குல்மொகரும், பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னையும் கிடந்தன.

மரம்தான் விழுந்துவிட்டதே, இனி அதில் என்ன ஆபத்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், நிற்கும் மரத்தை வெட்டுவதைவிடப் புயலில் விழுந்த மரத்தை வெட்டுவது பல மடங்கு ஆபத்தானது. நிற்கும் மரத்தின் எடை நேராகத் தூர் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று வெட்டுபவர் முடிவு செய்யலாம். விழுந்த மரமோ தன் எடையை எங்கெங்கோ ஊன்றி, வளைந்து, முறுகி, ஏதோ ஒரு சமநிலையில் கிடக்கிறது. அந்தச் சமநிலையைக் குலைப்பது நம் முதல் வெட்டுதான். எந்த வெட்டு எந்த விசையை அவிழ்த்துவிடும் என்று தெரிந்த பிறகே மரம் அறுக்கும் வாளை எடுக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

மரம் எப்படிச் சாய்கிறது

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் விழும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் ஆடிவிட்டு நிற்கும் மரம், 100 கிலோமீட்டர் காற்றில் நான்கு மடங்கு சுமையைத் தாங்கியாக வேண்டும். அதே நேரத்தில் பல மணி நேர மழை மண்ணை ஊறவைத்து, வேரைப் பிடித்திருக்கும் அதன் பிடிமானத்தைக் குறைத்துவிடுகிறது.

புயலின் கண் ஓர் ஊரின் மேல் கடந்தால் இன்னொன்றும் நடக்கிறது. முதலில் ஒரு திசையிலிருந்து அடித்த காற்று சிறிது நேரம் ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். வர்தாவின்போது சென்னையில் அப்படித்தான் நடந்தது. முதல் காற்றில் வேர் தளர்ந்த மரங்கள், திரும்பி வந்த காற்றில் விழுந்தன. நகரத்து மரங்களுக்குக் கூடுதலாக ஒரு கேடு உண்டு. கேபிளுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டிவிடுகிறோம். அப்புறம் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசி மூடுகிறோம். அந்த மரம் வெளியே பச்சையாக இருந்தாலும் ஒரு பக்கம் நங்கூரம் இல்லாமல்தான் நிற்கிறது.

சாய்ந்த மரங்கள் பெரும்பாலும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்.

1. வேரும் மண்ணும் சேர்ந்த பெரிய தட்டோடு பெயர்ந்து படுத்தது.
2. நடுவில் முறிந்து, மேல்பாதி நாரில் தொங்குவது அல்லது தரையைத் தொட்டுக் கிடப்பது.
3. பாதி சாய்ந்து, பக்கத்து மரத்திலோ மதிலிலோ மாடியிலோ மாட்டிக்கொண்டு நிற்பது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. தரையைத் தொடாத மரம் எந்த நொடியிலும் மீதித் தூரத்தையும் விழலாம். அதன் அடியில் போய் நிற்கக் கூடாது, அதைத் தாங்கி நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது, மேலே ஏறி ஆட்டிப் பார்க்கவும் கூடாது. இழுவை இயந்திரமோ கிரேனோ இல்லாமல் இதைத் தொட வேண்டாம். வண்டி வரும்வரை சுற்றிலும் கயிறு கட்டி ஆளை விலக்கி வைப்பதே செய்யக்கூடிய வேலை.

எடை எவ்வளவு?

பச்சை மரம் நீர் நிறைந்தது. ஒரு கன மீட்டர் பச்சை மரம், வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 800 முதல் 1,000 கிலோ இருக்கும். 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அடிமரத்தில் ஒரே ஒரு மீட்டர் நீளத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு சுமார் 0.28 கன மீட்டர், எடை கால் டன். நான்கு பேர் சேர்ந்து தூக்க முடியாத அந்தத் துண்டு அரை மீட்டர் உருண்டு காலில் ஏறினாலே எலும்பு நொறுங்கிவிடும். முழு மரம் எத்தனை டன் என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். “நாலு பேர் பிடிச்சு இழுத்தா வந்துரும்” என்ற பேச்சு பெருமரத்துக்குப் பொருந்தாது.

அமுக்கமும் இழுவையும்

இந்த விஷயத்தின் மையம் இதுதான். வளைந்திருக்கும் எந்தக் கட்டையிலும் ஒரு பக்கம் நார்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும், எதிர்ப்பக்கம் நார்கள் இழுபட்டு விறைத்திருக்கும். நெருக்கும் பக்கத்தை அமுக்கப் பக்கம் என்றும், விறைத்த பக்கத்தை இழுவைப் பக்கம் என்றும் சொல்வோம். அமுக்கப் பக்கத்தில் ஆழமாக வெட்டினால் வெட்டுவாய் மூடி வாளைக் கவ்விக்கொள்ளும். இழுவைப் பக்கத்தை முதலிலேயே ஆழமாக வெட்டினால் மரம் திடீரென்று பிளந்து, நீளவாக்கில் கிழிந்து, வெட்டுபவர் மேல் பாயும்.

பாதி அறுத்த மரத்தில் செருகியிருந்த ஆப்பைப் பிடுங்கி, பிளவில் வால் மாட்டிக்கொண்ட குரங்கின் கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அங்கே நடந்ததும் இதேதான்: மரத்துக்குள் அடக்கி வைத்திருந்த விசையைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரே பொருளை எடுத்துவிட்டது. சாய்ந்த மரத்தில் அப்படி ஆப்பாக நிற்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் வெட்டுபவரின் முதல் வேலை. அது தரையில் ஊன்றிய ஒரு கிளையாக இருக்கலாம், மதில் சுவராக இருக்கலாம், அடியில் நசுங்கிக் கிடக்கும் காராகவும் இருக்கலாம்.

எந்தப் பக்கம் அமுக்கம், எந்தப் பக்கம் இழுவை என்று எப்படி அறிவது? மரம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

1. இரண்டு முனையும் ஊன்றி நடுவில் அந்தரத்தில் இருந்தால், மேல்பக்கம் அமுக்கம், கீழ்ப்பக்கம் இழுவை. மேலிருந்து கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வெட்டி, பிறகு கீழிருந்து மேல்நோக்கி அறுத்து முடிக்க வேண்டும்.
2. ஒரு முனை மட்டும் ஊன்றி மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ். மேல்பக்கம் இழுவை, கீழ்ப்பக்கம் அமுக்கம். கீழிருந்து சிறிது வெட்டிவிட்டு மேலிருந்து முடிக்க வேண்டும்.
3. இரண்டு தடைகளுக்கு நடுவே பக்கவாட்டில் வில்லாக வளைந்திருந்தால், வளைவின் வெளிப்பக்கம் இழுவை, உட்பக்கம் அமுக்கம். அறுந்ததும் கட்டை வெளிப்பக்கமாகவே பாயும். அதனால் வெட்டுபவர் வளைவின் உட்பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

தடித்த அடிமரத்தைவிட, அதன் கீழ் மாட்டி வளைந்து கிடக்கும் மணிக்கட்டுத் தடிமன் கிளைகளையும் இளங்கன்றுகளையும் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பெரிய மரத்தைப் பார்த்து எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். சின்னக் கிளைதானே என்று அரிவாளை ஓங்குவார்கள். நுனி மரத்தடியில் சிக்கி வளைந்த கிளை, வெட்டு விழுந்ததும் முகத்தையோ நெஞ்சையோ நோக்கி நிமிர்கிறது. விலக நேரம் இருக்காது. அப்படிப்பட்டதை ஒரே போடாகத் துண்டிக்காமல், வளைவின் உட்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அதன் விறைப்பைத் தானாகத் தளரவிட வேண்டும். முகத்தை அது நிமிரும் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேர்த்தட்டு: கிடப்பது எழுந்து நிற்கும்

வேரோடு பெயர்ந்த மரத்தில் ஒரு பக்கம் நீண்ட அடிமரம், மறுபக்கம் மண்ணோடு செங்குத்தாக நிற்கும் வேர்த்தட்டு, அதன் பின்னால் குழி. அடிமரத்தின் எடைதான் தட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அடிமரத்தைத் தூருக்கு அருகில் துண்டித்த மறுநொடி அந்த எடை இல்லாமல் போகிறது. அறுபடாத வேர்களின் இழுப்பும் மண்ணின் பாரமும் சேர்ந்து தட்டைப் பின்னால் இழுக்க, அது படாரென்று குழிக்குள் திரும்ப விழும். துண்டித்த அடிக்கட்டை நிமிர்ந்து நின்றுவிடும்.

சில இடங்களில் எதிர்மாறாகவும் நடக்கும். வேர்கள் முழுக்க அறுந்திருந்தால் தட்டு முன்பக்கமாக, வெட்டுபவர் மேலேயே கவிழலாம். அதனால் தூரை ஒட்ட வெட்டாமல், ஆள் உயரத்துக்காவது அடிமரத்தை விட்டுத்தான் துண்டிக்க வேண்டும். அந்த நீட்டம் தட்டு முன்னால் கவிழாமல் முட்டுக் கொடுக்கும். ஜேசிபி இருந்தால், அதன் மண் அள்ளும் வாளியால் தட்டைத் தாங்கிப் பிடித்தபடி வெட்டுவது இன்னும் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேர்க்குழியில் யாரும் இறங்கியிருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அந்தக் குழி ஒளிந்து விளையாட வாகான இடமாகத் தெரியும். தட்டு திரும்ப விழுந்தால் உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியாது. வாளை இயக்கும் முன் குழியை நேரில் எட்டிப் பார்ப்பது கட்டாயம்.

மரத்துக்கு முன்னால் மின்கம்பி

இதுவரை சொன்னதெல்லாம் மின்சாரம் இல்லை என்று உறுதியான பிறகுதான். தெருவில் விளக்கு எரியவில்லை என்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஆகாது.

முதல் காரணம், ஒரு தெருவில் வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பி செத்திருந்தாலும் மேலே போகும் 11,000 வோல்ட் லைன் உயிரோடு இருக்கலாம். இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாது. தெரு லைனைத் துண்டிக்கும் மாற்றுச் சுவிட்ச் போடாமல் ஒரு வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டரை நேராக வயரிங்கில் கொடுத்துவிட்டால், அந்த மின்சாரம் மீட்டர் வழியே தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாய்கிறது. அங்கிருந்து டிரான்ஸ்பார்மரை அடைந்தால் அது தலைகீழாக வேலை செய்து, 230 வோல்ட்டை மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். நான்கு தெரு தள்ளிக் கம்பியைத் தொட்டவர் இறப்பார். லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற அனுமதியை (லைன் கிளியர்) வாங்கிய பிறகும் லைன்மேன்கள் வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போடுவது இதற்காகத்தான்.

மூன்றாவது, நிலத்தடிக் கேபிள். சென்னையின் பல பகுதிகளில் கம்பி தலைக்கு மேல் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. மரம் பெயரும்போது வேர் கேபிளையும் சேர்த்துப் பிய்த்திருக்கலாம். குழியில் தேங்கிய மழைநீருக்குள் அதன் அறுந்த முனை இருந்தால் வெளியே தெரியாது.

உயிருள்ள கம்பி தரையில் விழுந்தால் அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலும் மின்னழுத்தம் பரவும். கம்பியிலிருந்து தள்ளிப் போகப் போக அது குறையும். ஒருவர் எட்டி நடக்கும்போது இரண்டு காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு உடல் வழியே மின்சாரம் பாயும். ஆகவே குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தெரியாமல் அருகில் போய்விட்டால் பாதங்களைச் சேர்த்து, தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாகத் தேய்த்தபடி விலக வேண்டும். மரத்தோடு கம்பி பின்னிக் கிடந்தால் அந்த மரம் முழுவதும் கம்பிதான். ஈரக் கிளையும் ஈரக் கட்டையும் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த கம்பால் தள்ளிவிடலாம் என்பது வீட்டு வயருக்கே பாதுகாப்பான யோசனை இல்லை. உயர் அழுத்தக் கம்பிக்கு முன்னால் அது தற்கொலைக்குச் சமம்.

தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987. தகவல் சொன்னால் போதாது. சம்பந்தப்பட்ட பகுதியின் மின் ஊழியர் வந்து, லைன் ஆஃப் ஆகியிருக்கிறது என்று நேரில் சொன்ன பிறகே மரத்தைத் தொட வேண்டும்.

எது அவசரம்?

ஆம்புலன்ஸ் போக வேண்டிய சாலை அடைபட்டிருந்தால் அவசரம். இடிபாட்டில் ஆள் சிக்கியிருந்தால் அவசரத்திலும் அவசரம். கொல்லையில் கிடக்கும் மாமரம் அவசரமே இல்லை, அது ஒரு வாரம் கிடந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் புயலுக்கு அடுத்த நாளே, மின்சாரம் இல்லாமல், தூக்கம் இல்லாமல், மழை தூறிக்கொண்டிருக்கும்போது, கிடைத்த அரிவாளோடு அந்த மாமரத்தில் ஏறுகிறோம். அயர்ந்த உடலும் வழுக்கும் பட்டையும் விறைத்த கிளையும் ஒன்றுசேரும் நேரம் அது.

பொது இடத்து மரத்தை அகற்றுவது உள்ளாட்சி அமைப்பு அல்லது நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. சென்னையில் மாநகராட்சி எண் 1913. மாவட்டங்களில் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அளவில் 1070. ஆள் சிக்கியிருந்தால் 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101. கஜா போன்ற பெரும் புயல்களில் அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையும் மரம் அறுக்கும் இயந்திரங்களோடு வரும். ஆனால் அவர்கள் முதலில் முதன்மைச் சாலைகளைத்தான் திறப்பார்கள். உள்தெருவுக்கு வர நாட்கள் ஆகலாம். காத்திருப்பது எரிச்சல் தரும்தான். அந்த எரிச்சலில்தான் பயிற்சியில்லாத கைகள் வாளைப் பிடிக்கின்றன.

எல்லா மரத்தையும் வெட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. வேரில் பாதிக்கு மேல் மண்ணில் பிடித்திருக்கும் இளமரத்தை, கிளைகளைக் கழித்து, வேரை ஈரச் சாக்கால் மூடி வைத்து, சில நாட்களுக்குள் நிமிர்த்தி முட்டுக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வர்தாவுக்குப் பிறகு சென்னையில் தன்னார்வலர்கள் பல மரங்களை இப்படி நிமிர்த்தினார்கள். நெடுநாள் நின்ற பெருமரத்துக்கு இது ஒத்துவராது. பிடிமான வேர் அறுந்த பெருமரத்தை நிமிர்த்தினால் அடுத்த காற்றில் அது மறுபடி சாயும், அப்போது அடியில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

வெட்டும் வரிசை

மின்சாரம் நிறுத்தப்பட்டு, சுற்றிலும் ஆள் விலக்கப்பட்டு, பயிற்சி உள்ளவர் வாளோடு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் மரத்தை முழுச் சுற்று வர வேண்டும். எங்கே ஊன்றியிருக்கிறது, எது அந்தரத்தில் இருக்கிறது, மேலே முறிந்து தொங்கும் கிளை உண்டா, அடியில் என்ன நசுங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேன்கூடு, பாம்பு இரண்டையும் தேட வேண்டும். வெள்ளத்துக்குத் தப்பிய பாம்புகள் விழுந்த மரத்தின் தழைக்குள் புகுந்திருக்கும்.
2. விலகி ஓட இரண்டு வழி ஒதுக்க வேண்டும். காலில் சிக்கும் மிலாறுகளை அப்புறப்படுத்தாமல் ஒரு வெட்டும் கூடாது.
3. சுமை தாங்காத சிறு கிளைகளை நுனியிலிருந்து கழித்துக்கொண்டே அடிமரத்தை நோக்கி வர வேண்டும். தரையில் ஊன்றி மரத்தைத் தாங்கும் கிளைகளை இப்போது தொடக் கூடாது. அவற்றை வெட்டினால் அடிமரம் உருளும்.
4. அடிமரம் உருளாதபடி இரு பக்கமும் கட்டையோ கல்லோ அண்டைக் கொடுத்த பிறகே ஊன்றுகிளைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும்.
5. அடிமரத்தை மேல்முனையிலிருந்து தூரை நோக்கித் துண்டு போட வேண்டும். கவை பிரியும் இடத்தில் நார் பின்னிக் கிடப்பதால் அதைத் தவிர்த்து, நேராக இருக்கும் இடத்தில் வெட்டுவது எளிது. வெட்டுவாய் மூடத் தொடங்கினால் ஆப்பு வைக்க வேண்டும், வாளை நெம்பி இழுக்கக் கூடாது.
6. வேர்த்தட்டு கடைசி.

ஒரே நேரத்தில் ஒரே மரத்தில் ஒருவர் மட்டுமே வெட்ட வேண்டும். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு வாள்கள் ஓடினால், ஒருவர் அவிழ்க்கும் விசை மற்றவர் மேல் பாயும். தழையை இழுத்துப் போடுபவர்கள் வாள் ஓடும்போது தள்ளி நின்று, வாள் நின்ற பிறகு வர வேண்டும்.

வீட்டின் மேல் விழுந்த மரம்

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு இழுப்பது. ஜேசிபியில் சங்கிலி கட்டி ஒரே இழுப்பு இழுத்தால் மரம் வந்துவிடும், கூடவே கைப்பிடிச் சுவரும் கூரை ஓடுகளும் உத்தரமும் வரும். கூரை மேல் கிடக்கும் மரத்தைத் தூக்கி எடுக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றி, மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி எடுத்துவிட வேண்டும். ஓட்டுக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும். அதன் மேல் ஆள் ஏறக் கூடாது. உள்ளே உத்தரம் தொய்ந்திருந்தால், உள்ளே போவது பாதுகாப்பா என்பதைக் கட்டட வேலை தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகு, சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ முட்டுக் கொடுக்க வேண்டும்.

கிரேன் வந்ததும், வெட்டப்போகும் துண்டில் பெல்ட் கட்டி, அதன் எடையைக் கிரேன் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெட்டு. அளவுக்கு மேல் இறுக்கினால், அறுந்ததும் துண்டு மேலே துள்ளும். தளர்வாக விட்டால் கூரையில் விழும். கிரேன் எவ்வளவு தூக்கும் என்பது கையை எவ்வளவு தூரம் நீட்டுகிறது என்பதைப் பொறுத்தது. நீட்ட நீட்டத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும். தெருவில் நின்று கொல்லைப்புற மரத்தை எட்டித் தூக்கப் பார்த்த வண்டி கவிழ்வது இதனால்தான். மழையில் ஊறிய மண்ணில், கழிவுநீர்த் தொட்டியின் மூடிக்கு மேல், வண்டியை நிறுத்தவே கூடாது.

வெட்டும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் புகைப்படம் எடுத்து வையுங்கள். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் அது தேவைப்படும். கார் நசுங்கியிருந்தால், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இழப்பீடு கிடைக்காது. சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுத்தவருக்கே புயல் சேதம் பொருந்தும்.

வாளும் கூலியும்

பெட்ரோல் வாளின் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. வாள்தகட்டின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால், வாள் முழுவதும் மேல்நோக்கித் துள்ளி, பிடித்திருப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். மனிதக் கை அதைத் தடுக்கும் வேகத்தில் இயங்காது. இதனால்தான் தோள் உயரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, ஏணியில் நின்று வெட்டக் கூடாது, ஒற்றைக் கையால் பிடிக்கக் கூடாது. புதர் போல் கிளைகள் அடர்ந்த மரத்தில், கண்ணுக்குத் தெரியாத கிளையில் நுனி படுவது மிக எளிது. புயல் மரங்கள் எல்லாமே அப்படித்தான் கிடக்கும்.

இந்த வேலைக்கு உரிய கால்சட்டைக்குள் நீண்ட இழைகள் அடுக்கியிருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தால் அந்த இழைகள் பல்சக்கரத்தில் சுற்றி வாளை நிறுத்திவிடும். தலைக்கவசம், முகவலை, காதடைப்பான், விரல்பகுதி இரும்பு வைத்த பூட்ஸ் இவையும் வேண்டும். நம் ஊரில் இந்த வேலைக்கு வருபவர்களில் எத்தனையோ பேர் கைலியும் ரப்பர் செருப்புமாகத்தான் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மரத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும்போது, வேகமாக முடித்தால்தான் அடுத்த மரத்துக்குப் போக முடியும். வேலை கொடுப்பவர் நாள் கூலியாகப் பேசினால் அந்த அவசரம் குறையும். கவசம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் வாங்கித் தந்தோ வாடகைக்கு எடுத்தோ கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்றே நான் கருதுகிறேன். அடிபட்டால் கொண்டுபோக வண்டி தயாராக இருக்கிறதா, எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது, அங்கே போகும் வழியில் மரம் கிடக்கிறதா என்பதை வெட்டு தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

தென்னந்தோப்பு தனிக் கணக்கு

தென்னைக்குக் கிளை இல்லை, அதனால் விறைத்த கிளை என்ற ஆபத்து குறைவு. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த தோப்பில், ஒரு மரத்தை எடுத்தால் மூன்று மரம் உருளும். எப்போதும் மேலே கிடப்பதை முதலில் எடுக்க வேண்டும். தென்னந்தண்டின் வெளிப்புறம் மிகக் கடினம், உள்ளே மெது. வாள் சீக்கிரம் மழுங்கும், மழுங்கிய வாளை அழுத்திப் பிடிப்பவர் நிலை தடுமாறுவார். அடிக்கடி அரம் போட வேண்டும்.

கஜாவுக்குப் பிறகு தமிழக அரசு விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. அகற்றுவதற்கென்று தனித் தொகை கொடுத்ததே, அது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் காட்டுகிறது. இதுபோன்ற நிவாரணத்துக்கு அதிகாரிகள் தோப்புக்கு வந்து மரங்களை எண்ண வேண்டும் என்பதால், கணக்கெடுப்பு முடியும்வரை படம் எடுத்து வைத்துக்கொண்டு பொறுத்திருப்பது நல்லது.

அதற்காக மாதக்கணக்கில் போட்டுவைக்கவும் முடியாது. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். இரண்டும் புயலுக்குத் தப்பி நிற்கும் மரங்களைத்தான் அடுத்துத் தாக்கும். ஆகவே எண்ணி முடிந்ததும் தண்டைத் துண்டு போட்டு, பிளந்து வெயிலில் காயவைக்க வேண்டும், அல்லது அறுவை மில்லுக்கோ செங்கல் சூளைக்கோ அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்குள் தோப்பில் தண்டு எதுவும் மிஞ்சக் கூடாது. அனுப்ப வழியில்லாதவர்கள் தண்டுகளின் மேலும் எருக்குழியிலும் வண்டுப் புழுக்களைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைத் தெளித்து, தோப்பு ஓரத்தில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். மண்ணுக்குள் நிற்கும் அடித்தூரையும் தோண்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வண்டுக்கு அதுவே வீடாகும்.